கப்பல் பயணத்தில் மடக்குக் கத்தி: எந்த வாசலில் எந்தப் பையில் இருக்க வேண்டும்?

என் சாவிக்கொத்தில் பல ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருக்கும் விக்டோரினாக்ஸ் கத்தி, மூடிய நிலையில் 58 மில்லிமீட்டர் நீளம்தான். ஓர் அலகு, ஒரு குட்டிக் கத்தரிக்கோல், நகம் தேய்க்கும் அரம், பிடிக்குள் செருகி வைக்கும் பல்குச்சி, முள்வாங்கி ஆகியவை அதில் அடக்கம். இதை எடுத்துக்கொண்டு சொகுசுக் கப்பலில் போகலாமா என்று கேட்டால், பல கப்பல் நிறுவனங்களின் விதிப்படி போகலாம் என்றே பதில் வரும். அந்தப் பதிலை மட்டும் நம்பிப் புறப்படுகிறவர்கள்தான் கத்தியைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதுவும் நான் பார்த்த வரையில் கப்பலில் அல்ல, கப்பலுக்குப் போகும் வழியிலோ, நடுவில் இறங்கிய ஊரிலோ, வீடு திரும்பும் விமான நிலையத்திலோதான்.

ஒரே பயணத்தில் ஒரு கத்தி நான்கு வாசல்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. போகும்போது விமான நிலையம், அடுத்து கப்பல் முனையம், பிறகு கப்பல் நின்று போகும் ஒவ்வொரு நாட்டின் சட்டம், கடைசியாகத் திரும்பும்போது மறுபடியும் விமான நிலையம். ஒவ்வொரு வாசலிலும் அளவுகோல் வேறு. ஆகவே கத்திக்கு அனுமதி உண்டா என்று ஒரு முறை கேட்டு நிறுத்திக்கொள்வதைவிட, இந்த வாசலைக் கடக்கும்போது கத்தி எந்தப் பையில் இருக்க வேண்டும் என்று நான்கு முறை கேட்டுக்கொள்வதே பயன் தரும்.

கத்தியை அளந்து பார்த்தல்

பெட்டி கட்டுவதற்கு முன் கத்தியை விரித்து மேசைமேல் வைத்து, ஓர் அடிக்கோலை எடுத்து அளந்துவிடுங்கள். கடைக்காரர் சொன்ன நீளத்தையோ அட்டைப்பெட்டியில் அச்சிட்ட நீளத்தையோ நம்ப வேண்டாம். அவை பல சமயங்களில் மூடிய கத்தியின் நீளத்தையோ விரித்த கத்தியின் மொத்த நீளத்தையோ குறிப்பவை. சோதனைக்காரர்களுக்கு வேண்டியது அலகின் நீளம் மட்டுமே. அதையும் இரண்டு விதமாக அளக்கலாம். முனையிலிருந்து பிடி தொடங்கும் இடம் வரை அளப்பது ஒன்று. கூர் தீட்டப்பட்ட பகுதியை மட்டும் அளப்பது மற்றொன்று. பிடிக்கு அருகே கூர் தீட்டாமல் விடப்பட்ட சிறு பகுதி பல கத்திகளில் உண்டு என்பதால், இவ்விரண்டு அளவுகளுக்கும் இடையே சில மில்லிமீட்டர் வேறுபாடு வரும். பிரிட்டனின் சட்டம் கூர் விளிம்பைத்தான் பேசுகிறது. வேறு இடங்களில் எப்படி அளப்பார்கள் என்பது மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரைப் பொறுத்தது. எனவே முனையிலிருந்து பிடி வரையிலான பெரிய அளவையே உங்கள் கத்தியின் அளவாகக் கொள்ளுங்கள். அந்த அளவே வரம்புக்குள் வந்துவிட்டால் விவாதத்துக்கு இடமில்லை.

நீளத்தைவிட முக்கியமானது கத்தியின் வகை. பொத்தானை அழுத்தினால் சீறிக்கொண்டு வெளிவரும் கத்தி, மணிக்கட்டை உதறினால் விரியும் கத்தி, இரண்டு பிடிகளும் சுழன்று மூடும் பட்டாம்பூச்சிக் கத்தி, இருபுறமும் கூருள்ள குத்துவாள், விரல்களுக்கு இடையே பிடித்துக் குத்தும் கத்தி ஆகியவற்றை அலகு இரண்டு அங்குலமாக இருந்தாலும் எடுத்துச் செல்லக் கூடாது. இவற்றில் சிலவற்றை வைத்திருப்பதே சில நாடுகளில் குற்றம். பேனா, இடுப்புப்பட்டைக் கொக்கி, வங்கி அட்டை என்று வேறொரு பொருளாக வேடமிட்ட கத்திகளும் இதே கணக்குத்தான். அட்டை வடிவக் கத்தியைப் பலர் விளையாட்டுப் பொருளாக நினைத்துப் பணப்பைக்குள்ளேயே வைத்து மறந்துவிடுகிறார்கள். எக்ஸ்-ரே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது மறைத்து வைக்கப்பட்ட ஆயுதமாகத்தான் தெரியும்.

அடுத்தது பூட்டு. விரித்த அலகு தானாக மடங்கிவிடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு, கையாள்பவருக்குப் பாதுகாப்பானது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அதுவே கத்தியை ஆயுதத்தின் பக்கம் தள்ளிவிடும் அம்சம். பிரான்சின் ஒபினெல் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பிடி, அதன் கழுத்தில் 1955ஆம் ஆண்டு முதல் வரும் சுழலும் உலோக வளையம், பழம் நறுக்குவதற்கென்றே பிறந்தது போன்ற மெல்லிய அலகு. அதன் 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ. கப்பல் நிறுவனங்கள் பரவலாக வைத்திருக்கும் 4 அங்குல வரம்புக்குள் அது வசதியாக அடங்கும். ஆனால் அதே கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிரிட்டனின் துறைமுக நகரான சவுத்தாம்ப்டனின் தெருவில் நடந்தால் அந்த வளையமே உங்களைக் குற்றவாளியாக்கிவிடும். ஏன் என்பதைக் கரையிறங்கும் பகுதியில் சொல்கிறேன்.

என் பரிந்துரை எளியது: பூட்டு இல்லாத, 6 செ.மீ.க்கும் குறைந்த அலகுள்ள, வெளிர்நிறமோ சிவப்போ பூசிய, பார்த்தவுடன் கருவி என்று தெரிகிற கத்தியே பயணத்துக்கு உரியது. கறுப்புப் பூச்சும் பல்வரிசை போன்ற விளிம்பும் கொண்ட படைவீரர் பாணிக் கத்தி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது கேள்விகளைத் தேடிக்கொண்டு வரும். மனத்துக்கு நெருக்கமான கத்தியையோ, அப்பா கொடுத்துவிட்டுப் போன கத்தியையோ கொண்டுபோகவே கூடாது.

கப்பல் நிறுவனத்தின் விதியைப் படித்தல்

பயணிகள் கப்பல்களில் இன்று நாம் காணும் சோதனை முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1985 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் அக்கிலே லாரோ என்ற இத்தாலியக் கப்பல் கடத்தப்பட்டு ஒரு பயணி கொல்லப்பட்ட பிறகு, சர்வதேசக் கடல்சார் அமைப்பு பயணிகளின் பாதுகாப்புக்கான நெறிகளை 1986இல் வெளியிட்டது. 2001 செப்டம்பர் தாக்குதல்களைத் தொடர்ந்து உருவான கப்பல், துறைமுகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏறுகிறவர்களையும் அவர்களுடைய உடைமைகளையும் சோதிக்கும் பொறுப்பு இதன்படி கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் உண்டு. ஆனால் எத்தனை அங்குலக் கத்தி கூடும் என்று அந்தத் தொகுப்பு கணக்குச் சொல்வதில்லை. அந்த எண்ணைத் தீர்மானிப்பது கப்பல் நிறுவனமும் துறைமுகம் இருக்கும் நாடும்தான்.

4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10 செ.மீ., என்பதே நீங்கள் அடிக்கடி எதிர்கொள்ளப்போகும் வரம்பு. சில நிறுவனங்கள் அதைக் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பொதுவாக வைத்திருக்கின்றன. சில நிறுவனங்கள் கத்தரிக்கோலுக்கு மட்டும் அந்த அளவை அனுமதித்துவிட்டு, கத்தி என்றால் எந்த அளவும் கூடாது என்று எழுதியிருக்கின்றன. ஆகவே நண்பர் ஒருவர் வேறொரு நிறுவனத்தின் கப்பலில் கொண்டுபோனார் என்பது உங்களுக்கு ஆதாரமாகாது. நீங்கள் பதிவுசெய்திருக்கும் நிறுவனத்தின் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு திறந்து படியுங்கள். பயணச்சீட்டு வாங்கிய நாளில் படித்தது போதாது. இந்தப் பட்டியல்கள் முன்னறிவிப்பின்றி மாறக்கூடியவை. படித்த பக்கத்தை அப்படியே படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளலாம். பட்டியலின் கடைசியில், ஆபத்தானது என்று பாதுகாப்பு அலுவலர் கருதும் எந்தப் பொருளையும் எடுத்துவைக்கும் உரிமை உண்டு என்று ஒரு வரி இருக்கும் என்பதால், கையிலிருக்கும் படம் அவருடைய முடிவை மாற்றிவிடாது. ஆனால் நீங்கள் விதியைப் படித்துவிட்டு வந்தவர் என்பதை அது காட்டும். பேச்சின் தொனி அங்கேயே மாறிவிடும்.

விதி தெளிவாக இல்லையென்றால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் ஒருவர் பரவாயில்லை என்று சொன்னதை முனையத்தில் நிரூபிக்க முடியாது. கடிதத்தில் கத்தியின் வகை, அலகின் நீளம், பூட்டு உண்டா இல்லையா என்ற மூன்றையும் எழுதினால் போதும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பல்காரர்கள் உண்மையில் நடுங்குவது கத்தியைக் கண்டு அல்ல, தீயைக் கண்டு. சாப்பாட்டு மேசையில் இறைச்சி வெட்டும் கூரான கத்தியை அவர்களே கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டி என்றால் பெட்டியோடு உங்களை அழைத்துவிடுவார்கள். கத்திக்காக அத்தனை கவலைப்பட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியை உள்ளே வைத்திருந்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

விமானத்தில் போகும்போது

துறைமுகத்துக்கு விமானத்தில் போகிறீர்கள் என்றால் முதல் வாசல் இதுதான். இங்கே ஒரே விதி: கத்தி, சரக்கறைக்குப் போகும் பெரிய பெட்டியில்தான் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 6 செ.மீ. வரை அலகுள்ள கத்தியைக் கைப்பையில் வைக்க விதி இடம் கொடுக்கிறது. கனடா 2017 நவம்பர் 27 முதல் அதே அளவை ஏற்றுக்கொண்டது. ஆனால் அமெரிக்காவுக்குச் செல்லும் விமானங்களுக்கு அது பொருந்தாது. அமெரிக்காவோ 2013 மார்ச்சில் 6 செ.மீ. வரையிலான சிறிய கத்திகளை அனுமதிக்கப்போவதாக அறிவித்து, விமானப் பணியாளர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு ஜூன் 5 அன்று அதைக் கைவிட்டது. இன்றும் அங்கே சாவிக்கொத்துக் கத்திகூடக் கைப்பையில் போகாது. போகும் வழியில் பார்சிலோனாவில் சிரித்த முகத்தோடு விட்ட கத்தியைத் திரும்பும் வழியில் மியாமியில் குப்பைத்தொட்டியில் போட வேண்டிவரும். எந்த நாட்டில் எது கூடும் என்று மனப்பாடம் செய்வதைவிடப் பெரிய பெட்டியில் வைத்துவிடுவது எளிது.

பெட்டிக்குள் வைக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். பெட்டியைத் திறந்து துழாவும் ஊழியரின் கை வெட்டுப்படக் கூடாது என்பதால், அலகை மூடி ஒரு சிறு உறைக்குள் போடுங்கள். மடக்குக் கத்தியாக இருந்தாலும் தளர்ந்த மூட்டுள்ளது என்றால் ஒரு ரப்பர் வளையத்தைச் சுற்றிவிடுங்கள்.

கைப்பை மட்டுமே எடுத்துப் பயணம் செய்யும் வழக்கமுள்ளவர்கள் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு ஒரு சிறு கத்தரிக்கோலைக் கொண்டுபோகலாம். திருகாணியிலிருந்து அளந்தால் 4 அங்குலத்துக்குக் குறைந்த அலகை அமெரிக்காவும், 6 செ.மீ. வரை ஐரோப்பிய ஒன்றியமும் கைப்பையில் விடுகின்றன. கப்பல் பயணத்தில் கத்தி செய்யக்கூடிய வேலைகளில் பெரும்பகுதியைக் கத்தரிக்கோலே செய்துவிடும்: புதுச்சட்டையின் விலைச்சீட்டு, பெட்டியில் கட்டிய பிளாஸ்டிக் பட்டை, பொட்டலம், நூல், காயத்துக்கு ஒட்டும் துணி. விக்டோரினாக்ஸ் நிறுவனமே ஜெட்செட்டர் என்ற பெயரில் அலகே இல்லாத கருவி ஒன்றைச் செய்கிறது.

கப்பல் முனையத்தில்

முனையத்தின் வாயிலில் சுமைதூக்குபவர் உங்கள் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார். கேபின் எண் அச்சிட்ட சீட்டு அதில் தொங்கும். எக்ஸ்-ரே முடிந்து மாலைக்குள் அது உங்கள் கேபின் வாசலுக்கு வந்துசேரும். கத்தியை இந்தப் பெட்டியில் வைப்பதா, கையோடு கொண்டுபோவதா? விமானத்தைப் போல இங்கே கைப்பை, பெரிய பெட்டி என்ற பேதம் விதியில் இருக்காது; இரண்டும் கேபினுக்குத்தான் போகின்றன. ஆனால் நடைமுறையில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பெரிய பெட்டியில் சந்தேகம் எழுந்தால் அதை நிறுத்திவைத்துவிடுவார்கள். மாலை ஆகியும் பெட்டி வராமல், கப்பலின் கீழ்த்தளத்திலுள்ள ஓர் அறைக்கு நீங்களே போய் அலுவலர் முன்னிலையில் திறந்துகாட்ட வேண்டிவரும். உங்களைப் போன்றவர்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள்; அவர்களில் பாதிப்பேர் இஸ்திரிப் பெட்டிக்காரர்கள்.

கைப்பையில் இருந்தால் கேள்வி உங்கள் கண்முன்னே எழுந்து அங்கேயே முடிந்துவிடும். ஆகவே உள்ளூரிலிருந்து நேராக முனையத்துக்கு வருகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைத்து, தட்டில் தனியாக எடுத்துவைத்துக் காட்டுவதையே நான் சிறந்த வழியாகக் கருதுகிறேன். விமானத்திலிருந்து வருகிறவர்கள், முனையத்துக்கு வருமுன் பெரிய பெட்டியைத் திறந்து மாற்ற மறந்துவிட்டால், அதிலேயே இருக்கட்டும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

எப்படி வைத்தாலும் மறைத்து வைக்காதீர்கள். காலுறைக்குள் சுருட்டி, அதைக் காலணிக்குள் திணித்து, மேலே துணியை அடுக்கினாலும் எக்ஸ்-ரே திரையில் துணியும் உணவும் ஆரஞ்சு நிறத்திலும் எஃகு அடர்ந்த நீலத்திலும் தெரியும். ஆரஞ்சு மேகத்துக்கு நடுவே நீலக் கத்தி அச்சாகத் துலங்கும். மறைத்ததாகத் தோன்றினால் அளவுக்குட்பட்ட கத்தியும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். பெட்டியின் மேற்பகுதியில், ஒளிபுகும் சிறு உறையில், பெயரும் கேபின் எண்ணும் எழுதிய சீட்டோடு படுக்கையாக வைத்துவிட்டால், திறந்து பார்ப்பவரின் வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

கூரான பொருள் ஏதேனும் உண்டா என்று கேட்டால், ஒரு சிறிய மடக்குக் கத்தி இருக்கிறது, அலகு நான்கு செ.மீ.க்கும் குறைவு என்று அடக்கமாகச் சொல்லுங்கள். கத்தியை மூடிய நிலையிலேயே மேசைமேல் வையுங்கள். விரித்துக் காட்ட வேண்டாம். அளக்க விரும்பினால் அவரே விரித்துக்கொள்வார். ஆயுதம், வெட்டு, குத்து என்ற சொற்களை வைத்து வேடிக்கை பேசுவதற்கு அது இடமல்ல.

அவர் கூடாது என்று சொன்னால் வாதாடாதீர்கள். பயணம் முடியும் வரை எடுத்துவைத்துத் திருப்பித் தருவதே பல கப்பல்களின் வழக்கம். கத்தியை ஒப்படைக்கும்போது ரசீது கேட்டு வாங்குங்கள். அதில் கேபின் எண், பொருளின் விவரம், எங்கே எப்போது திரும்பப் பெறுவது என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். திருப்பித் தரப்படமாட்டாது என்றால், உங்களை விட்டுவிட வந்த உறவினர் கிளம்பியிருக்கக் கூடாது என்று அந்த நேரத்தில் தோன்றும். எனவே உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லும் வரை அவரைக் காத்திருக்கச் சொல்வது நல்லது.

ஆழ்கடல் நீச்சலுக்கான கத்தி, மீன் அறுக்கும் கத்தி போன்றவற்றுக்குத் தனி ஏற்பாடு உண்டு. அவற்றை அனுமதிக்கும் நிறுவனங்களும் பாதுகாப்பு அலுவலகத்தில் வாங்கிவைத்துக்கொண்டு, தேவைப்படும் துறைமுகத்தில் மட்டும் கொடுத்து, ஏறும்போது மறுபடி வாங்கிக்கொள்ளும். இதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும்.

கப்பலுக்குள் இருக்கும் நாட்கள்

கேபினுக்குள் வந்துவிட்ட கத்தி கேபினுக்குள்ளேயே இருக்கட்டும். நீச்சல்குளம், அரங்கம், மதுக்கூடம் ஆகிய இடங்களுக்கு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் நெருங்கி வாழும், மது தாராளமாகப் புழங்கும் இடம் கப்பல். அங்கே இரண்டு பேருக்குள் வாய்ச்சண்டை மூண்டு, நடுவே விலக்கப் போனவரின் பையில் கத்தி இருந்தது தெரிந்தால், நீங்கள் அதைத் தொடவே இல்லை என்பது உங்களுக்கு உதவாது. குழந்தைகள் உடன் வந்தால் கேபின் பெட்டகத்துக்குள் பூட்டிவையுங்கள். ஆனால் பெட்டகத்தில் வைத்தது மறந்துபோகும் என்பதால், கடவுச்சீட்டோடு சேர்த்தே வையுங்கள்.

பழம் நறுக்க உணவகத்திலேயே கத்தி கிடைக்கும். புட்டியைத் திறக்க வேண்டுமென்றால் கேபின் பணியாளரிடம் கேளுங்கள்.

கடற்காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பால்கனியில் ஒரே இரவு கிடந்த கார்பன் எஃகு அலகு காலையில் பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். துருப்பிடிக்காத எஃகும் முழுக்கத் தப்பாது. உப்பிலுள்ள குளோரைடு அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலத்தைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். நல்ல தண்ணீரில் அலசி, மூட்டுப்பகுதியை விரித்துத் துடைத்து, ஈரம் போன பிறகு மூடுங்கள். ஒபினெல் போன்ற மரப்பிடிக் கத்தி ஈரத்தை உறிஞ்சிப் பிடி உப்பிக்கொண்டால், அலகை நகத்தால் நெம்பினாலும் வராது. பிடியின் பின்முனையை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் அலகின் முனை சிறிது வெளியே எட்டிப்பார்க்கும். அந்த வித்தையை நள்ளிரவில் பக்கத்துக் கேபின்காரர் தூங்கும்போது செய்ய வேண்டாம்.

கரையிறங்கும் ஊர்களில்

கத்தி வைத்திருப்பவர் உண்மையாகவே சட்டச் சிக்கலில் மாட்டக்கூடிய இடம் இதுதான், ஆனால் மிகக் குறைவாக யோசிக்கப்படும் இடமும் இதுவே. கப்பல் அனுமதித்தது என்பது கப்பலின் எல்லைக்குள் மட்டும் செல்லும். ஏணியை விட்டு இறங்கியவுடன் அந்நாட்டுச் சட்டத்தின் கீழ் வந்துவிடுகிறீர்கள்.

பிரிட்டனில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடிய ஒரே கத்தி, கூர் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்திதான். பூட்டிக்கொள்ளும் கத்தி இந்தச் சலுகைக்குள் வராது என்று நீதிமன்றங்கள் தீர்த்துச் சொல்லிவிட்டன. ஒபினெல் வளையம் சிக்குவது இங்கேதான். ஜெர்மனியில் ஒரு கையால் விரித்துப் பூட்டக்கூடிய கத்தியைக் கையோடு கொண்டுசெல்லத் தடை உண்டு. 2024 அக்டோபர் இறுதியில் வந்த சட்டத்திருத்தம் பொது விழாக்களிலும் தொலைதூரப் பொதுப் போக்குவரத்திலும் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கியது. ஜப்பானில் 6 செ.மீ.யைத் தாண்டிய அலகை நியாயமான காரணமின்றி எடுத்துச் செல்வது குற்றம். அதற்குக் குறைவான கத்தியைக்கூடக் காரணமின்றி மறைத்துவைத்திருந்தால் சிறுகுற்றச் சட்டம் பாயும். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலிய மாநிலங்களிலும் நீளத்தைவிடக் காரணமே கேட்கப்படும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சட்டம், தற்காப்புக்காக வைத்திருந்தேன் என்பது காரணமாகாது என்று தெளிவாகவே சொல்கிறது. ஊர் புதிது, எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லும் பயணி தன் வாயாலேயே வழக்கை முடித்துக்கொடுக்கிறார்.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, பார்க்கப் போகும் இடங்களிலும் சோதனை உண்டு. ஈபெல் கோபுரத்திலும், வத்திக்கான் அருங்காட்சியகத்திலும், நியூயார்க் சுதந்திரதேவி சிலைக்குச் செல்லும் படகிலும் பையைக் கருவிக்குள் விட்டுத்தான் உள்ளே போக முடியும். சிலைக்குப் போகும் படகில் எந்த அளவுக் கத்திக்கும் இடமில்லை. சுற்றுலாப் பேருந்து வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும்; கத்தியை வைத்துவிட்டு வர உங்களுக்கு அங்கே இடமும் இருக்காது, நேரமும் இருக்காது. ஆகவே கரையிறங்கும் நாட்களில் கத்தியைக் கேபினிலேயே வைத்துவிட்டுப் போங்கள். காட்டு நடையோ மீன்பிடிப்போ ஏற்பாடு செய்திருந்தால் வேறு கணக்கு. அப்போதும் கத்தியை முதுகுப்பையின் அடியில், அந்த வேலைக்கான மற்றப் பொருட்களோடு சேர்த்து வையுங்கள்.

துறைமுகக் கடைகளில் அழகான கத்திகள் விற்பார்கள். ஸ்பெயினின் டொலேடோவில் செய்த வாளும் குறுவாளும் அந்நாட்டுத் துறைமுகங்களில் கண்ணைப் பறிக்கும். வாங்கலாம், தவறில்லை. ஒவ்வொரு முறை ஏறும்போதும் எக்ஸ்-ரே உண்டு என்பதால், அளவை மீறியதைக் கப்பல்காரர்கள் வாசலிலேயே வாங்கிவைத்துக் கடைசி நாளில் தருவார்கள். ஆனால் இடையில் வரும் நாட்டின் சுங்கச் சட்டமும், உங்கள் சொந்த நாட்டின் இறக்குமதிச் சட்டமும் அதை ஏற்குமா என்று கடையிலேயே யோசியுங்கள். கடையிலிருந்து நேரே வீட்டுக்கு அனுப்பிவைக்கச் சொல்வது எல்லா வகையிலும் நல்லது.

கடைசி இரவும் திரும்பும் விமானமும்

கடைசி இரவில் பெரிய பெட்டியைக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். ஊழியர்கள் இரவோடு இரவாக எடுத்துச்சென்று, மறுநாள் முனையத்தில் வரிசையாக அடுக்கிவைப்பார்கள். கத்தி அந்தப் பெட்டியோடு போய்விட வேண்டும். இது எனக்குத் தெரிந்த விதிதான். இருந்தும் ஒரு முறை தவறவிட்டேன். இரவு பத்தரை மணிக்குப் பெட்டியின் கைப்பிடியில் புதுச் சீட்டைக் கட்டி, பட்டையின் நீண்ட வாலை அந்தச் சிவப்புக் கத்தியால் நறுக்கி, கத்தியை மூடி, பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெட்டியை வாசலுக்குத் தள்ளினேன். காலையில் முனையத்தில் பெட்டியை எடுத்தபோதும் நினைவு வரவில்லை. விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்துவிட்டுச் சோதனை வரிசையில் நின்று, இடுப்புப்பட்டையைக் கழற்றியபோதுதான் கை சட்டைப்பையில் பட்டது. அந்தக் கத்தி அங்கேயே தொட்டிக்குள் போயிற்று. இப்போது சாவிக்கொத்தில் தொங்குவதாக நான் முதலில் சொன்னது அதன் தம்பி. முன்னதன் வயதை அதற்குக் கொடுத்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அன்று முதல் நான் செய்வது இது. சீட்டுக் கட்டும் வேலைக்குக் கேபினில் கத்தரிக்கோல் கேட்டு வாங்குகிறேன். கத்தி மாலையிலேயே பெட்டிக்குள் போய்விடுகிறது. பாதுகாப்பு அலுவலகம் எடுத்துவைத்த கத்தி என்றால் நிலைமை வேறு. அது பல கப்பல்களில் இறங்கும் காலையில்தான் கைக்கு வரும். பெட்டியோ அதற்குள் முனையத்துக்குப் போயிருக்கும். அப்போது கத்தி கைப்பையில்தான் இறங்கும், வேறு வழியில்லை. முனையத்தில் பெட்டியைக் கண்டெடுத்தவுடனே, வண்டி தேடுவதற்கு முன், அங்கேயே ஓர் ஓரமாகத் திறந்து கத்தியை உள்ளே வையுங்கள். ரசீதைக் கைபேசியின் உறைக்குள் செருகிவைத்தால் காலை அவசரத்தில் மறக்காது.

இத்தனைக்குப் பிறகும் விமான நிலையச் சோதனை வரிசையில் கத்தி கையில் இருப்பது தெரிந்தால், கருவிக்குள் பையை விடுவதற்கு முன்பே ஊழியரிடம் சொல்லிவிட்டு வரிசையைவிட்டு வெளியே வாருங்கள். நேரம் இருந்தால் விமான நிறுவனத்தின் மேசைக்குத் திரும்பி, கைப்பையையே சரக்கறைக்கு ஒப்படைக்கலாம். அதற்குமுன் பணம், மருந்து, மின்கலம் ஆகியவற்றை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். சில விமான நிலையங்களில் இத்தகைய பொருட்களை வீட்டு முகவரிக்கு அனுப்பிவைக்கும் அஞ்சல் வசதி உண்டு. அனுப்பும் கட்டணம் கத்தியின் விலையைவிட அதிகமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழியனுப்ப வந்தவர் இன்னும் வெளியே நின்றால் அவரிடம் கொடுக்கலாம். இவை எதற்கும் வழியில்லையென்றால், தொட்டியில் போடுவதற்கு முன் சாவிகளை மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள்.